பெரிய சூப்பர்மார்க்கெட்டான டிமார்ட் விலைக்கு, என் மளிகைக் கடையில் எண்ணெய் விலையைக் குறைக்கலாமா?

குறைக்காதீர்கள். உங்கள் கொள்முதல் விலையைவிடக் குறைவாக அங்கே பாக்கெட் எண்ணெய் கிடைக்கிறது என்கிறீர்கள். அவர்கள் கம்பெனியிடம் மொத்தமாக எடுத்து, சீக்கிரம் பணம் கட்டி விலையைக் குறைக்கிறார்கள். அதோடு, அவர்களுடைய பெரும்பாலான கடைகள் சொந்த இடத்தில் இருக்கின்றன. நம் ஏஜென்சிக்காரர் அந்த விலைக்குத் தரவே மாட்டார். உங்கள் முதல்தான் கரையும்.

உங்கள் வாடிக்கையாளர்கள் முழுதாக டிமார்ட்டுக்குப் போயிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். சம்பளம் வந்ததும் வாங்கும் மாத மளிகை மட்டும் அங்கே போயிருக்கும்.

இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள்: பழைய ஆட்கள் இப்போது என்ன வாங்குகிறார்கள், எதை நிறுத்திவிட்டார்கள்? தேங்காய், தயிர், இட்லி மாவு, கால் கிலோ பருப்பு தொடர்ந்து போகிறதென்றால் பணத்தை அதில் போடுங்கள், எண்ணெயை அளவாக வையுங்கள். எங்கள் கடையைக் காப்பாற்றியது மாவும், காலை ஆறு மணிக்கே திறந்ததும்தான்.

ஒன்றில் மட்டும் கவனம். பருப்பைக் கேட்கும்போது எடை போட்டுக் கொடுங்கள். ஜிஎஸ்டி பதிவு இருந்து, முன்கூட்டியே பொட்டலம் கட்டி லேபிள் ஒட்டி விற்றால், 25 கிலோ வரைக்கும் 5% வரி வரும். 2022 ஜூலையிலிருந்து அப்படித்தான். அப்புறம், ஆளைப் பிடித்துவைக்க வேண்டும் என்று கடன் நோட்டை நீள விடாதீர்கள்.