அந்தப் புல் சாகவில்லை, தம்பி

"டாலஸில் வாடகை வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் ஆகிறது. முன்வாசல் புல்லெல்லாம் வைக்கோலாகக் கிடக்கிறது, என்ன புல் என்றும் தெரியவில்லை. பிடுங்கிவிட்டு விதை தூவலாமா?" என்று கேட்டிருந்தீர்கள். காவேரிப்பட்டணத்துப் பிள்ளை என்றதும் எழுத உட்கார்ந்துவிட்டேன். நான் பென்னாகரம்.

பிடுங்காதீர்கள். குளிருக்கு அது உறங்குகிறது. இங்கே வெயில்காலப் புற்கள் உறைபனி விழுந்ததும் வெளுத்துவிடும், மார்ச் கடைசிவாக்கில் மறுபடி துளிர்க்கும். ஒரு கொத்தை விலக்கிப் பாருங்கள். அடித்தண்டு கெட்டியாக, வெளுப்பாக இருந்தால் உயிர் இருக்கிறது.

அடுத்து, தரையில் ஓடும் கொடி ஒன்றை இழுத்துப் பாருங்கள். கம்பி மாதிரி மெல்லிசாக இருந்து, மண்ணுக்குள்ளும் தண்டு ஓடினால் பெர்முடா. வேறொன்றுமில்லை, பிள்ளையாருக்குச் சாத்துகிற நம் அருகம்புல்தான். கேழ்வரகுக் காட்டில் கொத்தக் கொத்த முளைக்குமே, அதே அருகு! கோடையில் கதிர் விட்டால் சந்தேகமே வராது. கேழ்வரகுக் கதிரை இளைக்க வைத்து விரல் விரித்த மாதிரி இருக்கும்.

கொடி தடிப்பாக, தரைமேல் மட்டும் ஓடி, கால் அங்குல அகல இலையின் நுனி மழுங்கிப் படகு போலிருந்தால் செயின்ட் அகஸ்டின். வெறுங்காலில் சுருக்கென்று குத்தினால் சோய்சியாவாக இருக்கலாம்.

பெயர் தெரியாமல் எதையும் வாங்காதீர்கள். என் வாசலில் இருந்தது அகஸ்டின். அது தெரியாமல் பெர்முடாவுக்கான களைக்கொல்லியை அடித்தேன். களையோடு புல்லும் மஞ்சளாகி, மரத்தடி மொட்டையானது. எந்தப் புல்லுக்கு ஆகாது என்று டப்பாவிலேயே அச்சிட்டிருந்ததை அப்புறம்தான் படித்தேன். மனசு ஆறவே இல்லை.

பெர்முடாவை ஒன்றிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு வெட்டலாம்; நிழலில் அது நிற்காது. அகஸ்டினுக்கு மூன்று அங்குலமாவது விடுங்கள். எதுவானாலும் ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக்கூடாது. உரம் இப்போது வேண்டாம். துளிர்த்து இரண்டு தடவை வெட்டிய பிறகு போடுங்கள்.

கோடையில் வாரத்துக்கு ஒரு அங்குலத் தண்ணீர் போதும். புல்மேல் காலி மீன் டின் ஒன்றை வைத்து அளந்துகொள்ளலாம். டாலஸ் பக்கம் பெரும்பாலும் கரிசல், நம் செம்மண் போல உடனே உறிஞ்சாது. பாதித் தண்ணீர் விட்டு, அரைமணி பொறுத்து மீதியை விடுங்கள்.

துளிர்த்ததும் இலைநுனி தெரிகிற மாதிரி கிட்டத்தில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.