ஒரு ஸ்பீக்கருக்கு ஏன் இத்தனை வழிகள்?

கேள்வி: லினக்ஸில் ஒரு பழைய ஆடியோ மென்பொருளைத் திறந்தால் பிரவுசரில் ஒலி நின்றுவிடுகிறது. அதன் செட்டிங்ஸில் ஓஎஸ்எஸ், ஆல்சா, பல்ஸ்ஆடியோ, ஜாக் என்று வரிசையாக இருக்கின்றன. எதைத் தேர்வு செய்வது? இத்தனை எதற்கு?

பதில்: இவை எல்லாம் நிரலின் ஒலியை சவுண்ட் கார்டுக்குக் கொண்டுபோகும் வழிகள். முதலில் தீர்வைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் அங்கே ஆல்சா தேர்வாகி, அதன் கீழ் சவுண்ட் கார்டின் பெயரே நேரடியாகக் கொடுக்கப்பட்டிருக்கும். அப்படி இருந்தால் அந்த மென்பொருள் கார்டை முழுசாகப் பிடித்துக்கொள்ளும், மற்றவற்றுக்கு இடமே கிடைக்காது. கார்டு பெயருக்குப் பதில் 'டிஃபால்ட்' என்று மாற்றுங்கள், அல்லது பல்ஸ்ஆடியோவைத் தேர்ந்தெடுங்கள்.

இத்தனை எதற்கு என்றால், அது 1990களில் தொடங்கிய கதை. அப்போது இருந்தது ஓஎஸ்எஸ். ஒரு கோப்பைத் திறந்து எழுதுகிற மாதிரியே ஒலியையும் எழுதிவிடலாம் என்பதால் நிரல் எழுதுபவர்களுக்கு அது பிடித்திருந்தது, ஆனால் பல கார்டுகளில் ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் ஒலிக்க முடியும். அதன் மேம்பாடும் வணிக உரிமத்துக்குள் போய்விட, யாரோஸ்லாவ் கைசெலா 1998-இல் தொடங்கிய ஆல்சா, லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலின் 2.6 பதிப்போடு 2003-இல் முக்கிய இடத்துக்கு வந்தது. லினக்ஸ் போன்ற வேறு இயங்குதளங்களில், ஃப்ரீபிஎஸ்டி ஓஎஸ்எஸ் வழியிலேயே இருந்துவிட்டது, ஓபன்பிஎஸ்டி எஸ்என்டிஐஓ என்று தனியாக ஒன்றை எழுதிக்கொண்டது. ஆல்சாவை மட்டும் நம்பி எழுதிய நிரல் அங்கே அப்படியே ஓடாது.

இத்தனை பெயர்கள் இருந்ததை நான் குறையாகவே நினைக்கவில்லை. பல நிரல்களின் ஒலியை ஒன்றாகக் கலப்பது யார் வேலை என்று ஆரம்பத்திலேயே யாரும் முடிவு செய்யாமல் விட்டதுதான் குறை. கெர்னல் அதைச் செய்யவில்லை, அதனால் க்னோம், கேடிஈ என்ற டெஸ்க்டாப் சூழல்கள் ஒலியைக் கலக்க முறையே ஈஎஸ்டியையும் ஏஆர்டிஎஸ்ஸையும் வைத்துக்கொண்டன, இரண்டும் ஒரே கார்டுக்கு மோதின. ஒலிகளைக் கலக்க ஆல்சா டிமிக்ஸ் என்று ஒரு வசதி தந்தது. அப்புறம் 2004-இல் தொடங்கிய பல்ஸ்ஆடியோ, 2007-இல் ஃபெடோரா என்ற லினக்ஸ் வகையின் 8-ஆம் பதிப்பில் இயல்பாகவே வந்தது. அது சாதாரணப் பயனருக்கானது, ஒலியை முன்கூட்டியே சேர்த்து வைக்கும் பெரிய பஃபர் வைத்து மின்சாரம் மிச்சம் பிடிக்கும். இசைக்கலைஞருக்கோ கீபோர்டை அழுத்தியதும் சில மில்லிவினாடியில் ஒலி வந்தாக வேண்டும், அதற்குத்தான் ஜாக். இரண்டு தேவையுமே நியாயமானவை, ஆனால் இரண்டும் ஒரே கார்டைக் கேட்டால் ஒன்றை நிறுத்தியாக வேண்டியிருந்தது. ரெக்கார்டிங் நடுவில் இப்படி அல்லாடியவர்களின் கோபம் எனக்கு நன்றாகவே புரிகிறது.

விம் டேமன்ஸ் உருவாக்கிய பைப்வயர் என்ற புதிய ஒலிச் சேவை இந்த இடத்தைச் சரியாகப் பிடித்தது. 'எல்லோரும் என் இடைமுகத்துக்கு மாறுங்கள்' என்று அது கேட்கவில்லை. பல்ஸ்ஆடியோவுக்கு எழுதியதும், ஜாக்குக்கு எழுதியதும், ஆல்சாவின் டிஃபால்ட்டுக்கு எழுதியதும் மாற்றமில்லாமல் அதன் வழியே ஓடும். ஃபெடோரா 34 2021-இலேயே இதற்கு மாறிவிட்டது, பைப்வயர் 1.0 2023 நவம்பரில் வந்தது.

கேள்வி: சின்னதாக ஒரு மியூசிக் ப்ளேயர் எழுதுகிறேன். எந்த இடைமுகத்தை நம்பலாம்?

பதில்: எதையும் நேரடியாகத் தொடாதீர்கள். எஸ்டிஎல் அல்லது போர்ட்ஆடியோ மாதிரி ஒரு நூலகத்தின் மேல் எழுதுங்கள், லினக்ஸுக்கு வெளியேயும் ஓடும். ஸ்டுடியோ கருவி எழுதுவதானால் மட்டும் ஜாக். ஓஎஸ்எஸ்ஸுக்குப் புதிதாக லினக்ஸில் எழுத வேண்டாம்.