துயரம் நடந்த இடமும் தொழுகைக் கூடமும்

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியின் எடிசன் நகரில் நெடுங்காலமாக வசிக்கிறோம். 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் உலக வர்த்தக மையக் கோபுரங்கள் இடிந்து விழுந்த ‘கிரவுண்ட் ஜீரோ’வுக்கு அருகே முஸ்லிம் சமூக மையம் ஒன்றைக் கட்டும் திட்டத்தால், 2010-ஆம் ஆண்டு நியூயார்க்கில் எழுந்த ‘கிரவுண்ட் ஜீரோ பள்ளிவாசல்’ சர்ச்சையைப் பற்றிக் கட்டுரை எழுதும்படி என் மகளுக்குப் பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்மணி வடக்குக் கோபுரத்தில் தம்பியைப் பறிகொடுத்தவர். அந்த மையம் அங்கே வந்திருக்கவே கூடாது என்று இன்றும் சொல்கிறார். என் நெருங்கிய தோழி மேலப்பாளையத்து முஸ்லிம். அந்தக் கோடையில் அலுவலகத்தில் அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஒரு விருந்தில் இந்தப் பேச்சு வந்தபோது, தோழி பக்கத்தில் இருந்தும், நான் வாய் திறக்கவில்லை. ‘உரிமை இருக்கிறது, ஆனால் வேறு இடத்தில் கட்டலாமே’ என்பதுதான் அன்று என் எண்ணம். ‘நீ யார் பக்கம் இருந்தாய் அம்மா?’ என்று இப்போது மகள் கேட்கிறாள். நான் என்ன சொல்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

மகளுக்கு என்ன சொல்வது என்பதற்கு முன், உங்களுடைய அந்தப் பழைய எண்ணத்தைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. அந்த ஆண்டு மேடை போட்டு இஸ்லாத்தையே பழித்தவர்களை ஒதுக்கிவிடுவது எளிது. ‘உரிமை இருக்கிறது, ஆனால்…’ என்று தணிந்த குரலில் பேசிய நல்ல மனிதர்களுக்குப் பதில் சொல்வதுதான் கடினம், அதுதான் அவசியமும்கூட. அந்த மையம் அங்கே வந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. உங்கள் பக்கத்து வீட்டுப் பெண்மணியின் வேதனையைச் சிறிதும் குறைத்து மதிப்பிடாமலேயே அதைச் சொல்ல முடியும் என்றும் நம்புகிறேன்.

என்ன கட்டுவதாக இருந்தார்கள் என்பதைச் சர்ச்சையின் பெயரே மறைத்துவிட்டது. கீழ் மேன்ஹாட்டனில் பார்க் பிளேஸ் தெருவில் 45 முதல் 51 வரையிலான எண்களைக் கொண்ட அந்த இடத்தில், 1850-களில் கட்டப்பட்ட பழைய கட்டடம் ஒன்றில் பர்லிங்டன் துணிக்கடை இயங்கி வந்தது. 2001 செப்டம்பர் 11 அன்று விமானம் ஒன்றின் சக்கரப் பகுதி அதன் கூரையைத் துளைத்துக்கொண்டு விழுந்தது. அதன்பின் கடை மூடப்பட்டு, கட்டடம் பல ஆண்டுகள் வெறுமனே கிடந்தது. 2009-இல் ஷரீஃப் எல்-கமால் என்ற கட்டுமானத் தொழிலதிபரின் நிறுவனம் அதை ஏறத்தாழ 48 லட்சம் டாலருக்கு வாங்கியது. அவரும் இமாம் ஃபைசல் அப்துல் ரவூஃபும் இமாமின் மனைவி டெய்சி கானும் அங்கே பத்துக்கும் மேற்பட்ட மாடிகளில், சுமார் 10 கோடி டாலர் செலவில், 500 பேர் அமரும் அரங்கம், நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், சமையற்கலைப் பள்ளி, செப்டம்பர் 11 நினைவிடம் ஆகியவற்றோடு தொழுகைக் கூடத்தையும் கொண்ட மையம் ஒன்றைத் திட்டமிட்டார்கள். மேன்ஹாட்டனில் யூதச் சமூகத்தினர் நடத்தும் சமூக மையங்களே அவர்களுக்கு முன்மாதிரி. கோர்டோபா இல்லம் என்ற முதல் பெயர் பின்னர் பார்க்51 என்று மாறியது.

அந்த இடம் கோபுரங்கள் நின்ற வளாகத்துக்குள் இல்லை. வளாகத்திலிருந்து இரண்டு பிளாக் வடக்கே, அங்கிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத ஒரு தெருவில் இருந்தது. முஸ்லிம்கள் அந்தப் பகுதிக்குப் புதியவர்களும் அல்லர். சில தெருக்கள் தள்ளி மஸ்ஜித் மேன்ஹாட்டன் என்ற பள்ளிவாசல் 1970 முதல், அதாவது கோபுரங்கள் கட்டி முடிக்கப்படுவதற்கு முன்பிருந்தே, நடந்து வந்தது. ரவூஃப் 1983 முதல் அருகிலுள்ள டிரைபெக்காவில் இமாமாக இருந்தார். தெற்குக் கோபுரத்தின் 17-ஆம் மாடியில் அங்கே வேலை பார்த்த முஸ்லிம்கள் தொழுவதற்கென்றே ஓர் அறை இருந்தது. அந்த அறையும் கோபுரத்தோடு சேர்ந்துதான் அழிந்தது.

உங்கள் மகள் தன் கட்டுரையில் சல்மான் ஹம்தானியைப் பற்றி அவசியம் எழுத வேண்டும். 23 வயதான அந்தப் பாகிஸ்தானிய அமெரிக்க இளைஞர் நியூயார்க் காவல்துறையில் பயிற்சிக் காவலராக இருந்தவர், அவசர மருத்துவ உதவியில் பயிற்சி பெற்றவர். அன்று காலை வேலைக்குக் கிளம்பியவர், எரியும் கோபுரங்களை நோக்கிப் போய் அங்கேயே இறந்தார். உடல் கிடைக்காத மாதங்களில், தாக்குதலில் தொடர்பு இருக்குமோ என்று காணாமல் போன அவர் மீதே சந்தேகம் விழுந்தது. 2002-இல் இடிபாடுகளில் அவருடைய எச்சங்கள் அடையாளம் காணப்பட்ட பிறகே அது நீங்கியது. இன்று கோபுரங்கள் இருந்த இடத்திலுள்ள நினைவிடத்தின் தெற்குக் குளத்தைச் சுற்றியுள்ள வெண்கலப் பலகைகளில் அவர் பெயர் இருக்கிறது, ஆனால் மீட்புப் பணியாளர்களின் வரிசையில் இல்லை. மகனைப் பறிகொடுத்த அவருடைய தாய் தலத் ஹம்தானி பார்க்51 வரவேண்டும் என்று வெளிப்படையாகப் பேசினார். ‘இறந்தவர்களின் குடும்பங்கள் எதிர்க்கின்றன’ என்று அந்தக் கோடையில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டபோது, இந்தத் தாயும் அந்தக் குடும்பங்களில் ஒருவர்தான் என்பது பலருக்கு நினைவில்லாமல் போயிற்று. எதிர்த்த குடும்பங்களும் இருந்தன, ஆதரித்த குடும்பங்களும் இருந்தன. ‘அமைதியான நாளைக்காக செப்டம்பர் 11 குடும்பங்கள்’ என்ற அமைப்பு ஆதரவாகவே அறிக்கை விட்டது.

சர்ச்சை வளர்ந்த விதமும் கவனிக்கத்தக்கது. 2009 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் இந்தத் திட்டத்தை முதல் பக்கத்தில் வெளியிட்டபோது பெரிய கொந்தளிப்பு எதுவும் எழவில்லை. 2010 மே மாதம் அந்தப் பகுதியின் ஆலோசனை அமைப்பான சமூக வாரியம் 29-க்கு 1 என்ற கணக்கில், 10 பேர் வாக்களிக்காத நிலையில், ஆதரவு தெரிவித்தது. அது நவம்பரில் நாடாளுமன்ற இடைக்காலத் தேர்தல் வரவிருந்த ஆண்டு. வலைப்பதிவுகளில் தொடங்கிய எதிர்ப்பை அரசியல்வாதிகள் கையில் எடுத்துக்கொண்டார்கள். சவூதி அரேபியாவில் தேவாலயங்களும் யூத ஆலயங்களும் அனுமதிக்கப்படும் வரை அங்கே பள்ளிவாசல் கூடாது என்றார் நாடாளுமன்றக் கீழவையின் முன்னாள் சபாநாயகர் நியூட் கிங்ரிச். அமெரிக்கக் குடிமக்களின் வழிபாட்டு உரிமைக்குச் சவூதி மன்னரின் சட்டத்தை அளவுகோலாக்கும் வாதம் அது. ஆகஸ்டில் சி.என்.என். நடத்திய கருத்துக்கணிப்பில் 68 சதவீதம் பேர் திட்டத்தை எதிர்த்தார்கள்.

அதே மாதம் 3-ஆம் தேதி நகரின் பாரம்பரியச் சின்னங்கள் ஆணையம், பழைய கட்டடத்துக்குப் பாதுகாப்புத் தகுதி தர வேண்டியதில்லை, அதாவது அதை இடித்துக் கட்டத் தடையில்லை என்று 9-க்கு 0 என்ற கணக்கில் முடிவெடுத்தது. அன்று மேயர் மைக்கேல் புளூம்பெர்க் கவர்னர்ஸ் தீவில் ஆற்றிய உரையை உங்கள் மகள் முழுமையாகப் படிக்கட்டும். எரியும் கட்டடங்களுக்குள் ஓடிய தீயணைப்பு வீரர்கள், நீங்கள் எந்தக் கடவுளை வணங்குகிறீர்கள் என்று யாரையும் கேட்கவில்லை என்று அவர் சொன்னார். பார்க் பிளேஸுக்கு ஒரு பிளாக் தெற்கே இருக்கும் புனித பேதுரு ஆலயத்தையும் நினைவுபடுத்தினார். நியூயார்க்கில் கத்தோலிக்க வழிபாடே ஒரு காலத்தில் தடை செய்யப்பட்டிருந்தது. தடை நீங்கியபின் 1785-இல் உருவானது அந்த ஆலயத்தின் பங்குச் சமூகம். அதற்குப் பிறகும் 1806 கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவில் கத்தோலிக்க எதிர்ப்புக் கும்பல் ஒன்று அதைச் சூழ்ந்து கலவரம் செய்தது. செப்டம்பர் 11 அன்று உயிரிழந்த தீயணைப்புத் துறைப் பாதிரியார் மைக்கேல் ஜட்ஜின் உடலை அந்த ஆலயத்தின் பீடத்தின் முன்புதான் கிடத்தினார்கள்.

இனி உங்கள் எண்ணத்துக்கு வருகிறேன். யூதர்களுக்கு எதிரான வெறுப்பை எதிர்த்துப் போராடும் ஏ.டி.எல். என்ற அமைப்பு, 2010 ஜூலை இறுதியில் ஏறத்தாழ உங்கள் நிலைப்பாட்டையே எடுத்தது: அவர்களுக்கு உரிமை உண்டு, ஆனால் இந்த இடத்தில் கட்டுவது உறவினர்களுக்கு மேலும் வலி தரும் என்றது. அதிபர் ஒபாமாவும் வெள்ளை மாளிகை இஃப்தார் விருந்தில் உரிமையை உறுதியாக ஆதரித்துவிட்டு, மறுநாளே, அங்கே கட்டுவது விவேகமா என்பது பற்றித் தாம் கருத்துச் சொல்லவில்லை என்றார். இப்படிப் பேசியவர்கள் எடுத்துக்காட்டியது, நாஜிகள் யூதர்களைக் கொன்று குவித்த அவுஷ்விட்ஸ். 1984-இல் கார்மல் என்ற கத்தோலிக்கச் சபையின் கன்னியர் சிலர் அந்த வதைமுகாமின் வேலியை ஒட்டிய கட்டடம் ஒன்றில் மடம் அமைத்தார்கள். யூதர்கள் மனம் புண்பட்டார்கள். பல ஆண்டு வாக்குவாதத்துக்குப் பிறகு 1993-இல், போப் இரண்டாம் ஜான் பால் கேட்டுக்கொண்டதன் பேரில், கன்னியர் இடம் மாறினார்கள். அந்தப் பெருந்தன்மையை முஸ்லிம்களும் காட்டக்கூடாதா என்பது கேள்வி.

இந்த ஒப்புமையை நான் மதிக்கிறேன், ஆனால் ஏற்கவில்லை. அந்த மடம் இருந்த கட்டடத்தில்தான் நாஜிகள் நச்சுவாயுக் கலங்களைச் சேமித்து வைத்திருந்தார்கள். அது குற்றம் நடந்த இடத்தின் ஒரு பகுதி. யாருடைய நினைவு அங்கே முதன்மை பெற வேண்டும் என்பதே அங்கிருந்த வழக்கு; கன்னியர்கள் கொலைகாரர்களைச் சேர்ந்தவர்கள் என்று யாரும் நினைக்கவில்லை. பார்க் பிளேஸிலோ, மதுக்கடைகளும் பந்தயக் கடையும் அலுவலகங்களும் நிறைந்த ஒரு சாதாரணத் தெருவில், மற்ற எல்லோரும் வரலாம், முஸ்லிம்கள் மட்டும் வரக்கூடாது என்று கேட்கப்பட்டது. கொலை செய்தவர்களோடு அவர்களுக்கு ஏதோ உறவு இருக்கிறது என்ற ஊகம் இல்லாமல் அந்தக் கோரிக்கைக்குப் பொருளே கிடையாது. எவ்வளவு கனிவாகச் சொன்னாலும் அந்த ஊகம் உள்ளே இருக்கிறது. உங்கள் தோழியின் காதில் அது விழுந்திருக்கும். விலகிப் போவதற்கு எல்லையும் இருக்கவில்லை: அதே கோடையில், அங்கிருந்து நூற்றுக்கணக்கான மைல் தொலைவில் டென்னசியின் மர்ஃப்ரீஸ்பரோ நகரில் பள்ளிவாசல் கட்டும் இடத்தில் கட்டுமான இயந்திரத்துக்குத் தீ வைத்தார்கள்.

ஆனால் பக்கத்து வீட்டுப் பெண்மணியிடம் இந்த வாதத்தை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். நியூயார்க்கில் அன்று இறந்த 2,753 பேரில் ஏறத்தாழ 40 சதவீதத்தினரின் எச்சங்கள் இன்னும் அடையாளம் காணப்படவில்லை. 2006-இல்கூட அருகிலிருந்த வங்கிக் கட்டடம் ஒன்றின் கூரையில் நூற்றுக்கணக்கான எலும்புத் துண்டுகள் கிடைத்தன. 2013 ஏப்ரலில், சர்ச்சைக்குரிய அதே 51-ஆம் எண் கட்டடத்தின் பின்புறச் சந்தில் விமான இறக்கையின் பாகம் ஒன்று செருகிக் கிடந்ததைக் கண்டுபிடித்தார்கள். இரண்டு பிளாக் தூரம் என்று வரைபடத்தை வைத்து நாம் சொல்லலாம். தம்பியின் உடலைத் தேடிக் காத்திருந்தவருக்கு அந்தப் பகுதி முழுவதுமே சுடுகாடாகத் தெரிந்திருந்தால் அதில் வியப்பில்லை. திட்டமிட்டவர்கள் அந்தக் குடும்பங்களிடம் முன்கூட்டியே போய்ப் பேசியிருக்க வேண்டும். வாரியத்தின் ஆதரவும் நிலத்தின் பத்திரமும் அதற்கு ஈடாகாது. அந்தக் குறையை ஆதரவாளர்கள் மழுப்பக் கூடாது. அந்தப் பெண்மணியின் வேதனை அவருக்குச் சொந்தமானது. அதை மூலதனமாக்கி வாக்குக் கேட்டவர்கள் வேறு.

முடிவு என்ன ஆயிற்று என்றால், அந்த மையம் கட்டப்படவே இல்லை. 2011 செப்டம்பரில் பழைய கட்டடத்தின் ஒரு பகுதியைச் சீர்படுத்தி, நியூயார்க்கில் வாழும் பல நாட்டுக் குழந்தைகளின் புகைப்படக் கண்காட்சியோடு சிறிய அளவில் திறந்தார்கள். பிறகு திட்டம் சுருங்கிச் சுருங்கி, அந்த மனை நாற்பது மாடிக்கும் மேற்பட்ட ஆடம்பர அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போய்விட்டது. கோபுரம் விழுந்ததில் நொறுங்கிப் போன புனித நிக்கோலஸ் கிரேக்க ஆலயம் வளாகத்துக்குள்ளேயே மீண்டும் கட்டப்பட்டு 2022-இல் திறக்கப்பட்டது, அது நியாயமானதே.

மகளிடம், அன்று நான் இப்படித்தான் நினைத்தேன், விருந்தில் பேசாமல் இருந்தேன் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். என் வாதம் உங்களை மாற்றாவிட்டால் அதையும் காரணத்தோடு சொல்லுங்கள்; அவள் கட்டுரையில் அதை எதிர்த்து வாதாடட்டும். பக்கத்து வீட்டுப் பெண்மணியைப் பார்க்க அவளை அழைத்துக்கொண்டு போனால், பள்ளிவாசலைப் பற்றி எதுவும் கேட்காமல், தம்பி எப்படிப்பட்டவர் என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள். தோழியிடம் நீங்கள் தனியாகப் போங்கள். அந்த விருந்தில் பேசாமல் இருந்ததற்கு வருத்தம் தெரிவித்துவிட்டு, அந்தக் கோடை அவருக்கு எப்படி இருந்தது என்று கேளுங்கள். அவர் சம்மதித்தால் மட்டும் அது மகளின் கட்டுரையில் இடம்பெறட்டும்.

கட்டுரையை எங்கே தொடங்குவது என்று மகள் கேட்டால், ஏ.டி.எல். 2010-இல் வெளியிட்ட அறிக்கையையும், அதே அமைப்பின் தலைவர் ஜோனதன் கிரீன்பிளாட் 2021 செப்டம்பரில் ‘நாங்கள் செய்தது தவறு’ என்று வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு எழுதியதையும் அருகருகே வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். அந்தப் பதினோரு ஆண்டுகளில் எது மாறியது என்று அவள் தேடிக் கண்டுபிடிப்பதே கட்டுரையின் முதல் பகுதிக்குப் போதும்.