தெலுக் பஹாங்ல பேர் எழுதித்தான் ஆகணுமா?

கேள்வி: தெலுக் பஹாங்ல இருக்குற பினாங்கு தேசியப் பூங்கா கவுண்டர்ல பேர், போன் நம்பர், எங்க போறோம்னு எல்லாம் கேக்குறாங்களே, எதுக்குங்க?
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: நீங்க திரும்பி வரலேன்னா எந்தப் பக்கம் தேடுறதுன்னு அந்த நோட்டுதாம்மா சொல்லும், ஏன்னா உள்ள கொஞ்ச தூரத்துலயே பாதை ரெண்டா பிரியுது, ஒண்ணு மலை ஏறி பந்தாய் கெராச்சுட் ஆமைக்கரைக்கு, இன்னொண்ணு கடலோரமா மங்கி பீச்சுக்கு. அமெரிக்காவுல 1872லயே ஆரம்பிச்ச எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுலயும் வர்றவங்களப் பத்திரமா பாத்துக்க ரேஞ்சருங்களுக்கு, அதாவது பூங்கா காவலருங்களுக்கு, பெரும்பாடுதான், காட்டெருமைகிட்டேர்ந்து 23 மீட்டர் தள்ளி நில்லுங்கன்னு சொல்லியும் செல்பி எடுக்கப் போய் முட்டு வாங்குறவங்க இருக்காங்க. இங்க குரங்கு. என் நாசி லெமாக் (தேங்காப்பால் சோறு) பொட்டலத்த கையிலேர்ந்தே பிடுங்கிட்டு, மரத்துல ஒக்காந்து முட்டைய மட்டும் தின்னுட்டு சம்பல என் மேலயே போட்டுச்சு!