எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளைகள்: கேள்வி-பதில்

கேள்வி: மகன் சரியாகப் படிப்பதில்லை. டிஸ்லெக்சியா என்கிற வாசிப்புக் குறைபாடா? உடனே பதில் தரவும்.

வயது இல்லை, வகுப்பு இல்லை, எந்த மொழியில் திணறுகிறான் என்பதும் இல்லை. இதே மாதிரி இந்த மாதம் ஐந்தாறு கடிதங்கள். ஜோசியர்கூடப் பிறந்த நேரம் கேட்பாரே! முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். அப்புறம் விவரத்தோடு எழுதுங்கள்.

கேள்வி: எல்.கே.ஜி. படிக்கும் மகள் ஆங்கில 'பி'யை (b) திருப்பிப் போட்டு 'டி' (d) ஆக்கிவிடுகிறாள்.

நான்கு வயதில் பல பிள்ளைகள் அப்படித்தான். ஏழு வயதுவரை இதை மட்டும் வைத்துக் கவலைப்பட வேண்டாம். டிஸ்லெக்சியா என்றால் எழுத்து தலைகீழாகத் தெரிவது என்று யாரோ கிளப்பிவிட்டது இன்னும் ஓயவில்லை. சொல்லை ஒலிகளாகப் பிரிப்பதில்தான் பெரும்பாலும் சிக்கல்.

கேள்வி: மூன்றாம் வகுப்பு. தமிழ் சுமாராக வருகிறது, இங்கிலீஷ் சுத்தமாக வரவில்லை. வீட்டில் தமிழை நிறுத்திவிடலாமா?

கூடாது. இங்கிலீஷில் 26 எழுத்தை வைத்துக்கொண்டு நாற்பது சொச்சம் ஒலிகளைச் சமாளிக்க வேண்டும். தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உறவு அவ்வளவு மோசமில்லை. அதனால் ஒரே குறைபாடு அங்கே பிழையாகவும் இங்கே மெதுவாக வாசிப்பதாகவும் தெரியும். தமிழிலும் மேடுபள்ளம் உண்டு. 'கெ'யில் கொம்பு முன்னால் நிற்கும், அதன் ஒலியோ பின்னால் வரும். 'கொ'வில் கொம்பும் காலும் ககரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும். 247 எழுத்தையும் ஒப்பிக்க வைக்காதீர்கள். கொம்பு, கால் என்று வாரத்துக்கு ஒரு குறி போதும்.

கேள்வி: ஆறாம் வகுப்பு மகன். பிழையாக எழுதும் ஒவ்வொரு சொல்லையும் 50 முறை எழுதச் சொல்கிறார் ஆசிரியர். எழுதியும் மறுநாள் அதே பிழை. சோம்பேறித்தனமா?

இந்த இம்போசிஷனைப் பற்றிப் பேசிப் பேசி எனக்கு வாய் வலித்துவிட்டது. போன மாதம் ஒரு பையன் நோட்டைக் கொண்டுவந்தான். 'பள்ளிக்கூடம்', 50 தடவை. எப்படிடா எழுதினாய் என்று கேட்டேன். முதலில் பக்கம் முழுக்க மேலிருந்து கீழே 'ப', அடுத்து வரிசையாக 'ள்', அதற்கடுத்து 'ளி'. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி. அந்தச் சொல்லை அவன் ஒரு தடவைகூட வாசிக்கவில்லை! இரண்டாம் பக்கத்தில் ளகரம் லகரமாகிவிட்டது. அதற்கும் சிவப்பு மையில் டிக்.

கை வலித்ததுதான் மிச்சம், பிழையும் பழகிவிட்டது. சோம்பேறியா இரவு பத்து மணிவரை உட்கார்ந்து எழுதுவான்?

ஐந்து தடவை போதும். தட்டில் ரவையைப் பரப்பி, விரலால் எழுதிக்கொண்டே ஒலியை வாய்விட்டுச் சொல்லட்டும். கண், காது, விரல், வாய் நான்கும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். 1930களில் அமெரிக்காவில் ஆர்ட்டன் என்ற மருத்துவரும் கில்லிங்காம் என்ற ஆசிரியையும் வகுத்த முறைக்கு அடிப்படை இதுதான். நம் திண்ணைப் பள்ளியில் மணலில் விரல் வைத்து எழுதியதை நாம்தான் மறந்துவிட்டோம். ஆசிரியரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். எழுப்பி நிறுத்தி வாசிக்க வைக்க வேண்டாம் என்று மட்டும் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கண், காது பார்த்தாயிற்றா? அதை எழுதவே இல்லையே.

கேள்வி: கலர் கண்ணாடி போட்டால் சரியாகுமாமே? வல்லாரை மாத்திரை?

பணத்தை மிச்சப்படுத்துங்கள். நான் சொல்லும் கண் பரிசோதனை வேறு, கலர் கண்ணாடி வேறு. வல்லாரைத் துவையல் இட்லிக்கு நன்றாக இருக்கும்.

கேள்வி: எனக்கும் சின்ன வயதில் இதே கஷ்டம்தான். பரம்பரையா?

குடும்பத்தில் ஓடக்கூடியதுதான். அதை மகனிடம் சொன்னீர்களா? இன்றைக்கே சொல்லுங்கள்.

கேள்வி: மகள் பத்தாம் வகுப்பு. சலுகை உண்டா?

உண்டு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகை மாற்றுத்திறனில், டிஸ்லெக்சியாவும் அடங்கிய 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' ஒன்று. மாநிலப் பாடத்திட்டத்தில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு என்று கேட்கலாம். மருத்துவச் சான்றிதழோடு தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். பிப்ரவரியில் வந்து நிற்காதீர்கள். பரிசோதனைக்கே பல வாரம் ஆகும்.

கேள்வி: நான் வாசித்துக் காட்டினால் பேரன் மணிமணியாகப் பதில் சொல்கிறான். அவனே வாசித்தால் ஒன்றும் ஏறுவதில்லை. வாசித்துக் காட்டிக் கெடுக்கிறேன் என்கிறாள் மருமகள்.

கெடுக்கவில்லை அம்மா, தொடருங்கள். அறிவில் குறையில்லை, வாசிப்பில்தான் முடிச்சு என்று நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். கூடவே தினம் 15 நிமிடம், அவன் விரலை வரியின் கீழே வைத்து, இருவரும் ஒரே குரலில் வாசியுங்கள். தடுமாறினால் நாலைந்து விநாடி பொறுத்து நீங்களே சொல்லிவிட்டு மேலே போங்கள். அவன் கண்ணையும் காதையும் பார்க்கப் போகும்போது உங்கள் கண்ணாடி பவரையும் பார்த்துக்கொண்டு வாருங்கள்.