அப்பாவுக்குப் பார்க்கின்சன், குரல் கேட்கவே மாட்டேன் என்கிறது. ஸ்பீச் தெரபியால் பயன் உண்டா, இல்லை காசுக்குக் கேடா?

பயன் உண்டு. ஆனால் தெரபி என்ற பெயரில் என்ன செய்யச் சொல்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நாங்கள் ஐந்து மாதம் பலூன் ஊதிக் கழித்துவிட்டு அப்புறம்தான் உருப்படியான இடத்துக்கு வந்தோம், அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அப்பாவுக்கு 68 வயது, நோய் வந்து மூன்று வருடம், மாத்திரையில் கை நடுக்கம் குறைந்திருக்கிறது, குரல் மட்டும் நாளுக்கு நாள் உள்ளே போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியே எங்கள் வீட்டுக் கதை.

என் அப்பா அரசு பஸ்ஸில் 31 வருடம் கண்டக்டர், பெரும்பாலும் திண்டுக்கல் – பழனி தடம். கடைசி சீட்டில் தூங்குகிறவரை முன்படியில் நின்றபடியே எழுப்பிவிடுகிற தொண்டை. வீட்டில் போன் பேசினால் தெருவில் பாதிப் பேருக்கு எங்கள் குடும்ப விவகாரம் தெரிந்துவிடும். அந்த மனிதரின் குரல் ரிட்டயர் ஆகி நாலைந்து வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, அம்மா "என்னங்க சொன்னீங்க?" என்று மூன்று தரம் கேட்ட பிறகு "ஒண்ணுமில்ல, போ" என்று முடித்துக்கொள்கிற நிலைக்கு வந்தது. வேடிக்கை என்னவென்றால் அவர் எங்களைத்தான் குறை சொன்னார். "உங்கம்மாவுக்குக் காது போச்சு, டாக்டர்கிட்ட காட்டு." நானும் நம்பி அம்மாவைக் கூட்டிப்போய்க் காது டெஸ்ட் எடுத்தேன். அம்மாவின் காது கல்லு மாதிரி நன்றாக இருந்தது.

அப்பா பொய் சொல்லவில்லை, பிடிவாதமும் இல்லை. அவருக்குத் தான் பேசுவது நிஜமாகவே சரியான சத்தமாகத்தான் கேட்டது. இந்த நோயில் பேச்சு கெடுவதன் சூட்சுமமே அதுதான் என்று எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது.

மூளையில் அசைவுக்கு வேண்டிய டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் குறையக் குறைய, ஓர் அசைவை எவ்வளவு பெரிதாகச் செய்ய வேண்டும் என்ற அளவு தப்பிப்போகிறது. எட்டு வைக்கும் அடி சிறுக்கிறது, நடக்கும்போது கைவீச்சு குறைகிறது, கையெழுத்து பொடிப்பொடியாகிறது (அப்பாவின் பென்ஷன் கையெழுத்தை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு தனிக் கதை). மூச்சு, குரல்வளை, நாக்கு, உதடு எல்லாவற்றுக்கும் அதே கதிதான், அதனால்தான் குரல் சன்னமாகி, ஏற்ற இறக்கம் போய், சில சமயம் சொற்கள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து ஓடுகின்றன. ஆனால் உள்ளே இருந்து பேசுகிறவருக்கு எல்லாம் பழைய அளவிலேயே இருப்பதாகத் தோன்றும். பூக்காரம்மாவின் கை சுருங்கிவிட்டது என்று வையுங்கள், அவர் அளந்து கொடுப்பது அவருக்கு முழு முழம்தான், வாங்குகிறவருக்குத்தான் குறையும். 30 செ.மீ. தூரத்தில் அளந்தால் பார்க்கின்சன் உள்ளவர்கள் அதே வயதுக்காரர்களைவிட 2 முதல் 4 டெசிபல் குறைவாகப் பேசுகிறார்கள் என்று கண்டிருக்கிறார்கள். எண்ணைப் பார்த்தால் அற்பமாகத் தெரியும், ஆனால் 3 டெசிபல் இறங்கினாலே ஒலியின் ஆற்றல் பாதியாகிவிடும்.

முதலில் நாங்கள் போன இடத்தின் பெயர் வேண்டாம். பலூன் ஊது, மெழுகுவத்தி ஊது, உறிஞ்சுகுழலில் பஞ்சை இழு, நாக்கை வெளியே நீட்டி இடது வலது ஆட்டு. வாரத்துக்கு ஒரு நாள், முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணியில் அப்பா பேசியது மொத்தம் பத்து சொல் இருக்காது. ஐந்து மாத முடிவில் பலூன் நன்றாக ஊதினார், பேரன் பிறந்தநாளுக்கு உதவியது. பேச்சு இருந்த இடத்திலேயே இருந்தது. நாக்கை ஆட்டுவதும் ஊதுவதும் பேச்சைத் திருத்தும் என்பதற்கு ஆதாரம் மிகவும் பலவீனம், காரணமும் எளிது: பேசும்போது நாக்கு வேலை செய்கிற விதம் வேறு, சும்மா நீட்டும்போது செய்கிற விதம் வேறு, பேச்சு பேசித்தான் வரும். விழுங்குவதற்காகச் சில நாக்குப் பயிற்சி கொடுப்பார்கள், அது வேறு கணக்கு, அதை நான் குறை சொல்லவில்லை.

அப்புறம் ஒரு நியூராலஜிஸ்ட் சொல்லித்தான் எல்.எஸ்.வி.டி. லவுட் என்று ஒரு முறை இருப்பதே தெரிந்தது. லீ சில்வர்மேன் என்ற அமெரிக்கப் பெண்மணிக்கு, அரிசோனாவில், பார்க்கின்சன் வந்து பேச்சு புரியாமல் போயிருக்கிறது. அவர் பேசுவது காதில் விழுந்து புரிந்தால் போதும் என்பதுதான் குடும்பத்தின் ஆசை. லொரெய்ன் ரேமிக் என்ற பேச்சு ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 1987-இல் உருவாக்கிய பயிற்சிக்கு அந்த சில்வர்மேனின் பெயரையே வைத்தார்கள், லீ சில்வர்மேன் வாய்ஸ் ட்ரீட்மென்ட், சுருக்கினால் எல்.எஸ்.வி.டி. வாரம் 4 நாள், 4 வாரம், மொத்தம் 16 அமர்வு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். சொல்லித்தருவது ஒன்றே ஒன்று: சத்தமாகப் பேசு. நாக்கை இப்படி வை, மூச்சை அப்படி இழு, மெதுவாகச் சொல் என்று பத்து கட்டளை கிடையாது. சத்தத்தை ஏற்றினால் மூச்சும் வாய்திறப்பும் உச்சரிப்பும் கூடவே வந்துவிடும் என்பது அவர்கள் கண்டது, அதை நான் கண்ணால் பார்த்தேன்.

எங்கள் தெரபிஸ்ட் சென்னையில் இருந்தார், வீடியோவில்தான் எல்லாம். நல்ல மூச்சு எடுத்து "ஆ..." என்று எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம், 15 தடவை. அதே "ஆ"வை மேலே ஏற்றி, கீழே இறக்கி. அப்புறம் தினமும் வீட்டில் சொல்கிற 10 வாக்கியம். மீதி அரை மணிக்கு முதல் வாரம் சொற்களும் சின்னத் தொடர்களும், இரண்டாம் வாரம் வாக்கியம், மூன்றாம் வாரம் வாசிப்பு, நான்காம் வாரம் சாதாரணப் பேச்சு. இரண்டாம் நாள் அந்தப் பெண் செய்த ஒரு காரியத்தில்தான் அப்பா மாறினார். "இப்ப எப்பவும் போல பேசுங்க ஐயா" என்று பதிவு செய்தார், "இப்ப பஸ் ஸ்டாண்டுல நிக்கிற மாதிரி பேசுங்க" என்று இன்னொன்று எடுத்தார், இரண்டையும் போட்டுக் காட்டினார். அப்பா முதல் பதிவைக் கேட்டுவிட்டு, "இது யாரும்மா?" என்றார். இரண்டாவதைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. பேசும்போது "நான் கத்துறேன், அசிங்கமா இருக்கு" என்று நினைத்தாராம், கேட்டால் சாதாரண மனிதர் பேசுகிற மாதிரி இருந்ததாம். அன்றைக்கு ராத்திரி அம்மாவின் காதைப் பற்றிய பேச்சு நின்றது.

மூன்றாம் வாரம் வாசிக்க தினத்தந்தியை நீட்டினேன், சுவாரசியமில்லாமல் முனகினார். தெரபிஸ்ட் பேப்பரை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, "உங்க ரூட்டைச் சொல்லுங்க ஐயா" என்றார். ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி, பழனி... நடுவில் உள்ள சின்ன நிறுத்தம் ஒன்று விடாமல், மூச்சு வாங்கி, படி வரைக்கும் கேட்கிற மாதிரி. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

கதையை மட்டும் வைத்து நம்ப வேண்டாம். பிரிட்டனில் பார்க்கின்சன் உள்ள 388 பேரை மூன்று குழுவாகப் பிரித்து ஒப்பிட்ட ஆய்வு 2024-இல் வெளியானது. ஒரு குழுவுக்கு இந்த முறை, ஒன்றுக்கு அங்கே அரசு மருத்துவத்தில் வழக்கமாகக் கொடுக்கும் ஸ்பீச் தெரபி, ஒன்றுக்கு எதுவுமே இல்லை. மூன்று மாதம் கழித்து, குரலால் தங்களுக்கு ஏற்படும் சிரமம் எவ்வளவு என்று அவர்களையே மதிப்பிடச் சொன்னபோது, இந்த முறையில் இருந்தவர்களுக்குத் தெளிவாகக் குறைந்திருந்தது. வழக்கமான தெரபி எடுத்தவர்களுக்கும் ஒன்றுமே எடுக்காதவர்களுக்கும் சொல்லிக்கொள்கிற வித்தியாசம் இல்லை. ஆக "ஸ்பீச் தெரபி பயன் தருமா" என்று நீங்கள் கேட்பதைவிட எந்தத் தெரபி, வாரத்துக்கு எத்தனை நாள் என்று கேட்க வேண்டும். பக்க விளைவு என்றால் பெரும்பாலும் தொண்டை வலி, கரகரப்பு. அப்பாவுக்கும் முதல் வாரம் இருந்தது, கழுத்தை இறுக்கிக் கத்தாமல் மூச்சிலிருந்து சத்தம் எடுக்கக் கற்றபின் போய்விட்டது. தொடங்குமுன் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒரு தடவை குரல்நாணைக் காட்டிவிடுங்கள்.

இப்போது கசப்பான பகுதி. இது நோயை நிறுத்தாது. 16 அமர்வு முடிந்தபின் தினமும் வீட்டில் செய்தே ஆக வேண்டும், வாழ்நாள் முழுக்க. தங்கச்சி கல்யாணத்தை ஒட்டி ஒரு மாதம் விட்டோம், குரல் பழையபடி உள்ளே போய்விட்டது, திரும்பக் கொண்டுவர அதைவிட அதிக நாள் ஆனது. மாத்திரையைக் கூட்டினால் பேச்சு சரியாகிவிடும் என்றும் காத்திருக்காதீர்கள், பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் முக்கிய மருந்தான லெவோடோபா கைகாலுக்குக் கேட்கிற மாதிரி பேச்சுக்குக் கேட்பதில்லை. மூளையில் மின்முனை வைக்கும் அறுவை சிகிச்சை பற்றிப் பேச்சு வந்தால் குரலைப் பற்றி முன்கூட்டியே கேளுங்கள், சிலருக்கு நடுக்கம் குறைந்து பேச்சு இன்னும் குழறிவிடுகிறது.

விழுங்குவதையும் கவனியுங்கள். அப்பாவுக்குத் தண்ணீர் குடிக்கும்போது அடிக்கடி புரையேறும், அம்மா உச்சந்தலையில் தட்டி "யாரோ நினைக்கிறாங்க" என்பார். நினைத்தது யாருமில்லை, தண்ணீர் மூச்சுக்குழாய்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அது நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா. பேச்சைப் பார்க்கும் அதே தெரபிஸ்ட்தான் இதையும் பார்ப்பார், தனியாகக் கேளுங்கள்.

இதைப் படிக்கிற வேறு யாராவது, பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சு போன சொந்தக்காரருக்கு இதையே செய்யலாம் என்று ஓட வேண்டாம். தசை தளர்ந்தோ இறுகியோ குழறுவது ஒன்று. தசை நன்றாக இருந்தும் மூளையால் வாயசைவை வரிசைப்படுத்த முடியாமல் திணறுவது இன்னொன்று, அதற்கு அதே சொல்லைக் கண்ணெதிரே வாயைப் பார்த்துத் திரும்பத் திரும்பச் சொல்லும் பயிற்சி. சொல்லே நினைவுக்கு வராதது மூன்றாவது, அது பேச்சசைவுக் கோளாறே அல்ல, மொழிக் கோளாறு. மூன்றுக்கும் பயிற்சி வேறு வேறு. திடீரென்று ஒருவருக்கு வாய் குழறினால் தெரபிஸ்டைத் தேடாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள், ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு.

ஆள் எங்கே கிடைப்பார்? ஸ்பீச் தெரபிஸ்ட் என்று போர்டு போட்டவர் எல்லாம் படித்தவர் அல்ல. இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள், கேட்டால் கோபித்துக்கொள்கிறவரிடம் போகாதீர்கள். மைசூரில் 1965 முதல் இருக்கும் அகில இந்திய பேச்சு மற்றும் கேட்பு நிறுவனம், சென்னையை ஒட்டி முட்டுக்காட்டில் உள்ள பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம், இந்த மாதிரி அரசு இடங்களில் விசாரித்தால் உங்கள் ஊர்ப் பக்கம் யார் இருக்கிறார் என்று தெரியவரும். எல்.எஸ்.வி.டி.க்குத் தனிச் சான்று வேண்டும், அது உள்ளவர்கள் குறைவு, அதனால்தான் வீடியோ. இன்னொன்று, 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பார்க்கின்சனும் ஒரு வகையாக இருக்கிறது, சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம்.

நோய் முற்றி சத்தம் கைகொடுக்காத நாட்களுக்காக ஓர் எழுத்துப் பலகையும் வைத்திருக்கிறோம். பேசும் ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் விரலால் தொட்டுக்காட்டிவிட்டுச் சொல்ல வேண்டும், கேட்கிறவருக்குத் துப்பு கிடைக்கும், பேசுகிறவரின் வேகமும் குறையும். தமிழுக்கு இதில் ஒரு வசதி: சொல்லுக்கு முதலில் வரும் எழுத்து இலக்கணப்படி மிகக் குறைவு, பன்னிரண்டு உயிரும் க, ச, த, ந, ப, ம, வ, ய, ஞ வரிசைகளும்தான் தொல்காப்பியம் சொல்வது. உயிர்மெய்யைக் காட்டாமல் வரிசையை மட்டும் காட்டினால் போதும், பலகை உள்ளங்கை அகலத்தில் அடங்கிவிடும் என்று நான் பெருமையாகச் செய்துகொடுத்தேன். அப்பா பார்த்துவிட்டு "ட எங்கடா?" என்றார். டிக்கெட், டிரைவர், டீ, டிப்போ... பிறகு ட-வும் ர-வும் லாரிக்காக ல-வும் பேனாவால் எழுதிச் சேர்த்தேன்.

நீங்கள் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று. தெரபிஸ்ட் கிடைக்கும்வரை "என்ன? என்னது?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "சத்தமா, ப்பா" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள், வீட்டில் எல்லோரும் அதே சொல்லை. கூடவே அவர் தினமும் சொல்கிற பத்து வாக்கியத்தை அவர் வாயாலேயே கேட்டு எழுதி வையுங்கள், தெரபி தொடங்கும்போது முதல் நாளே கேட்பார்கள். என் அப்பா கொடுத்த பத்தில் ஏழு அம்மாவைக் குறை சொல்வது. தெரபிஸ்ட் ஒன்றைக்கூட மாற்றவில்லை, இப்போதும் தினமும் காலை காபிக்கு முன்னால் அந்த ஏழையும் ஐந்தைந்து தடவை, வாசல் வரை கேட்கிற மாதிரி, சொல்லிக்கொண்டிருக்கிறார்.