வெயில் சுடும் சென்னையில், வார்டில் இருப்பவருக்கு வைட்டமின் டி குறையுமா?

தண்டையார்பேட்டை வெயிலில் வளர்ந்த அண்ணனுக்கு, மனநல மருத்துவமனையில் சில மாதம் இருந்ததும் வைட்டமின் டி எப்படிக் குறைந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். ஊரில் வெயில் இருந்து என்ன, உடம்பில் பட வேண்டுமே! ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெளிச்சத்தில் தேவையான புற ஊதா பி கதிர் வராது. காலை ஏழு மணி வெயிலிலும் அது மிகக் குறைவு. பதினொன்றிலிருந்து இரண்டு மணிக்குள், முகத்திலும் கையிலும் கொஞ்ச நேரம் வெயில் பட்டால்தான் பலன். மாநிறத் தோலுக்கு இன்னும் கூடுதல் நேரம் வேண்டும்.

ஆனால் மாத்திரையைப் பார்க்காமல் வெயிலில் உட்கார வைக்காதீர்கள். குளோர்புரோமசின் என்ற மனநோய் மாத்திரை சாப்பிடுபவருக்குத் தோல் சீக்கிரம் கன்றிவிடும். மனநிலையைச் சீராக்கும் லித்தியம் என்றால் உடம்பில் நீர் வற்றவே கூடாது. ஃபெனிடோயின், கார்பமசெபின் போன்ற வலிப்பு மாத்திரைகள் வைட்டமின் டியையே வேகமாகச் சிதைக்கும். இவற்றைச் சாப்பிடுபவர்களுக்கு ரத்தப் பரிசோதனை அவசியம். ஒரு மில்லிலிட்டருக்கு வைட்டமின் டி 20 நானோகிராமுக்குக் கீழே என்றால் பற்றாக்குறை.

காசிமேட்டு மத்தி, முட்டை மஞ்சள் கரு நல்லதுதான், அது மட்டும் போதாது. 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட்டை நீங்களே வாங்கிக் கொடுக்காதீர்கள். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். மருத்துவமனையில் சேர்க்கும்போதே பரிசோதித்து, தேவைப்பட்டால் மாத்திரை தொடங்கும்படி டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.